பெட்டியில் எதை அடுக்குவது: கெட்டிக்குண்டா, ஷெல்லா, ஷ்ராப்னலா, டப்பாவா?

சினிமாவில் பழங்காலப் போர் என்றால் பீரங்கிக் குண்டு கட்டாயம் வெடிக்கும். தரையில் விழுந்த கணமே நெருப்பு, புழுதி, நாலைந்து பேர் அந்தரத்தில். நிஜத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பாதிவரை திறந்தவெளிப் போர்களில் பறந்த குண்டுகளில் பெரும்பாலானவை வெடிக்காதவை. வெறும் இரும்பு உருண்டைகள். போகிற வேகத்தில் குறுக்கே நிற்பதை உடைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

நம் மொழியும் இந்தக் குழப்பத்துக்கு உடந்தை. இரும்பு உருண்டையும் குண்டு, வெடிப்பதும் குண்டு, துப்பாக்கியில் போவதும் குண்டு. அதனால் இந்தக் கட்டுரைக்குள் மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். உள்ளே குடையாத முழு இரும்பு உருண்டைக்குக் 'கெட்டிக்குண்டு' என்று பெயர். உள்ளே குடைந்து, மருந்து அடைத்து, திரி வைத்தது 'ஷெல்'. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அறிந்த ஷெல்லின் பாட்டன் கதைதான் இது.

இப்போது உங்களை ஓர் இடத்தில் நிறுத்தப் போகிறேன். 1862, அமெரிக்க உள்நாட்டுப் போர். நீங்கள் ஒரு பீரங்கிப் பிரிவின் கேப்டன். கையில் இருப்பது 'நெப்போலியன்' என்று எல்லோரும் அழைக்கும் 12 பவுண்ட் வெண்கலப் பீரங்கி. பெயர் வாட்டர்லூவில் தோற்றவருடையது அல்ல, அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியனுடையது. பீரங்கியை இழுக்கும் முன்வண்டியில் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும், கூடவே வரும் தனி வண்டியில் மூன்று. ஒரு பெட்டிக்கு 32 குண்டு வீதம் மொத்தம் 128. சண்டை முடியும்வரை அந்த 128-ஐ வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ராணுவ விதிப்படி ஒரு பெட்டியில் 12 கெட்டிக்குண்டு, 12 ஷ்ராப்னல் (வானில் பிளந்து ரவை கொட்டும் ஷெல்), 4 ஷெல், 4 டப்பாக்குண்டு (சிறு குண்டுகள் அடைத்த தகர டப்பா). நான்கு வகை, நான்கு வேலை. இந்த 12-12-4-4 கணக்கு நியாயமானதா, நாமாக இருந்தால் எதைக் கூட்டி எதைக் குறைப்போம் என்பதுதான் கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: குண்டைத் தேர்ந்தெடுப்பது போலத் தெரிந்தாலும், உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது திரியை எவ்வளவு நம்புவது என்பதைத்தான்.

திரி என்கிற தலைவலி

ஷெல்லின் உடம்பில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. வார்ப்பிரும்பில் ஒரு கூடு, அதில் ஒரு துளை, துளை வழியாகக் கருமருந்து, துளையை அடைக்க ஒரு திரி. திரி எரிந்து உள்ளே போய்ச் சேர்ந்ததும் மருந்து பற்றி, கூடு சிதறும். தீபாவளிக்கு வெடி கொளுத்திய எவருக்கும் இது புரியும். ஆனால் தீபாவளி வெடியைத் திரி பற்றியதும் போட்டுவிட்டு ஓடிவிடலாம். ஷெல் விஷயத்தில் அந்த வெடி நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்பி, ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆட்களின் தலைக்கு மேல் போய்ச் சேருகிற நேரத்தில் வெடிக்க வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

இந்தத் தலைவலி ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1232-இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த ஜின் படை மருந்து அடைத்த இரும்புக் குண்டுகளை எறிந்தது. 1592-இல் ஜப்பானியப் படை கொரியாவுக்குள் புகுந்தபோது கியோங்ஜு நகரில் கொரியர் பயன்படுத்திய குண்டு இன்னும் சாமர்த்தியமானது. உள்ளே ஒரு மரத்தண்டு, அதில் திருகாணி மாதிரி பள்ளம் வெட்டி அதில் திரியைச் சுற்றியிருந்தார்கள். சீக்கிரம் வெடிக்க வேண்டுமானால் 10 சுற்று, தாமதமாக வேண்டுமானால் 15. கோட்டைக்குள் வந்து விழுந்த உருண்டையை ஜப்பானிய வீரர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்றும், அப்போதுதான் அது வெடித்தது என்றும் கொரியப் பதிவு சொல்கிறது. நேரம் தவறுவதையே ஆயுதமாக்கிய அந்த யோசனைக்கு நான் ரசிகன்.

ஐரோப்பியரின் திரி ஒரு மரக்குழாய். உள்ளே நெரித்த மருந்தைக் கிட்டித்து அடைத்திருப்பார்கள். எத்தனை நொடி வேண்டுமோ அந்த அளவுக்குக் குழாயை நறுக்குவார்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் துளை போடுவார்கள். பற்றவைப்பது யார்? ஆரம்ப நாட்களில் வேலை இரண்டு தடவை. குட்டையான மார்ட்டர் பீரங்கியின் வாயில் ஷெல்லை வைத்து, முதலில் ஷெல்லின் திரிக்கு நெருப்பு, அடுத்த கணம் பீரங்கிக்கு நெருப்பு. பீரங்கி மருந்து நமுத்துப்போய்க் கிளம்ப மறுத்தால், திரி எரியும் ஷெல்லோடு பீரங்கிக்காரன் தனியாக நிற்பான். அந்த வேலைக்கு என்ன சம்பளம் கொடுத்தாலும் தகும்.

பிற்பாடுதான் இரண்டாவது நெருப்பே போதும் என்று புரிந்தது. வாய்வழியாகக் குண்டு போடும் பீரங்கியில் குண்டுக்கும் குழலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். பீரங்கி மருந்து பற்றியதும் தீ அந்தச் சந்து வழியாகக் குண்டைச் சுற்றி முன்பக்கம் வந்து திரியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் திரி முன்பக்கம் பார்த்தே இருக்க வேண்டும். பின்பக்கம் திரும்பிவிட்டால் மருந்தின் உந்துதல் திரியை ஷெல்லுக்குள்ளேயே தள்ளிவிடும், ஷெல் குழலுக்குள்ளேயே வெடிக்கும். உருண்டைக்கு முன் எது, பின் எது? அதனால் ஷெல்லின் அடியில் ஒரு மரக்கட்டையைத் தகரப் பட்டையால் கட்டி, அது உருளாமல் வைத்தார்கள். உருண்டையாக இருப்பதுதான் ஷெல்லின் சாபம், இதற்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

கெட்டிக்குண்டு: அலுப்பூட்டும் ஆனால் நம்பகமான ஆள்

12 பவுண்ட், அதாவது ஐந்தரை கிலோ இரும்பு. இதற்குப் பின்னால் இரண்டரை பவுண்ட் மருந்து. 5 டிகிரி நிமிர்த்திச் சுட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். திரி இல்லை, அதனால் பொய்க்காது. மழையில் நனைந்தாலும் கெடாது, வண்டி கவிழ்ந்தாலும் வெடிக்காது. விலையும் மலிவு. எதிரி சுட்டதைப் பொறுக்கி, அளவு ஒத்துவந்தால், அவனுக்கே திருப்பி அனுப்பலாம்.

இதன் உண்மையான வித்தை நேராக அடிப்பது அல்ல, தத்திப்போவது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக எறிந்தால் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகுமே, அதே மாதிரி. தாழ்வாகச் சுட்டால் குண்டு தரையில் பட்டு எழும்பி, மறுபடி பட்டு, ஆள் உயரத்துக்குக் கீழேயே ஓடும். அந்தப் பாதை நெடுக வரிசையாக நிற்பவர்கள் கதி அதோகதிதான். வேகம் அடங்கி உருண்டு வரும் குண்டைப் பந்து மாதிரி காலால் நிறுத்தப் பார்த்துப் பாதத்தை இழந்த புது வீரர்கள் உண்டு.

ஆனால் தத்துவதற்குத் தரை கெட்டியாக இருக்க வேண்டும். 1815 ஜூன் 18, வாட்டர்லூ. முந்தின இரவு கொட்டித் தீர்த்த மழையில் வயல்வெளி முழுக்கச் சேறு. நெப்போலியன் முற்பகல் வரை சண்டையைத் தொடங்காமல் காத்திருந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, தரை கொஞ்சமாவது இறுகட்டும் என்பது. சேற்றில் கெட்டிக்குண்டு விழுந்த இடத்திலேயே புதைந்தது. ஷெல்லுக்கும் அதே கதிதான். சேற்றுக்குள் போய் வெடித்துச் சேற்றை வாரி இறைத்ததோடு சரி.

இன்னொரு குறை, வேலிக்கோ மேட்டுக்கோ பின்னால் ஒளிந்திருப்பவனை இது தொடாது. படுத்துக்கொண்டவனையும் பெரும்பாலும் விட்டுவிடும். வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் ஆட்களை மேட்டின் பின்சரிவில் படுக்க வைத்ததன் ரகசியம் அதுதான்.

ஷெல்: பெயர் பெரிது, வேலை சின்னது

ஷெல்லைப் பற்றிய பிரமையைக் கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கிறது. கருமருந்து இன்றைய வெடிமருந்து மாதிரி அல்ல. அது அறைந்து நொறுக்காது, தள்ளி உடைக்கும். 12 பவுண்ட் ஷெல்லுக்குள் அரை பவுண்ட் அளவு மருந்துதான் பிடிக்கும். வெடித்தால் கூடு பெரிய பெரிய சில துண்டுகளாகப் பிளக்கும். அந்தத் துண்டு எவன் மேல் பட்டாலும் அவன் முடிந்தான், ஆனால் சுற்றி நிற்கும் இருபது பேரில் எத்தனை பேர் மேல் படும்?

அதனால்தான் பெட்டியில் இதற்கு நாலே நாலு இடம். வீட்டுக்குள், வைக்கோல் போருக்குள், மரத்தடுப்புக்குள், மண்மேட்டுக்குப் பின்னால் இருப்பவர்களைக் கிளப்ப இது வேண்டும். நெருப்பு வைக்க வேண்டும். குதிரைகளை மிரட்ட வேண்டும். திறந்தவெளியில் வரும் காலாட்படைக்கு எதிராக இதை எடுக்கும் கேப்டனை நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

ஷ்ராப்னல்: அற்புதமான யோசனை, அரைகுறைத் திரி

1784-இல் ஹென்றி ஷ்ராப்னல் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படை லெப்டினன்ட் ஓர் எளிய கேள்வி கேட்டுக்கொண்டார். டப்பாக்குண்டு கிட்டத்தில் பிரமாதமாக வேலை செய்கிறது. அந்த டப்பாவை ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திறக்க வைத்தால் என்ன? ஷெல்லின் கூட்டுக்குள் துப்பாக்கி ரவைகளை நிரப்பி, கூட்டைப் பிளக்க மட்டும் போதுமான கொஞ்சம் மருந்து வைத்தார். கூடு வானில் பிளந்ததும் ரவைகள் ஏற்கெனவே இருந்த வேகத்தோடு கூம்பாக விரிந்து முன்னோக்கிக் கொட்டும். ரவையைக் கொல்லும் வேகத்தில் அனுப்புவது வெடிப்பு அல்ல, பீரங்கி. ஷெல்லுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். இன்று செய்திகளில் எந்தக் குண்டுத் துண்டையும் ஷ்ராப்னல் என்று எழுதுகிறோம். அவர் கண்டுபிடித்தது துண்டு அல்ல, மழை.

வருடக்கணக்கில் சொந்தக் காசைப் போட்டு உழைத்தார். 1803-இல் ராணுவம் ஏற்றுக்கொண்டது, 1804-இல் சுரினாமில் முதல் பயன்பாடு, 1808-இல் போர்ச்சுகலின் விமெய்ரோவில் பிரெஞ்சுக்காரர்கள் சுவைத்தார்கள். வாட்டர்லூவில் மேஜர் புல் என்பவரின் ஹவிட்சர் (ஷெல்லை வளைவாக வீசும் குட்டைப் பீரங்கி) பிரிவு, தங்கள் ஆட்களின் தலைக்கு மேலாகவே சுட்டு, ஊகூமோன் பண்ணை அருகே தோப்புக்குள் புகுந்த பிரெஞ்சுக்காரர்களை விரட்டியது. அந்த வேலையைக் கெட்டிக்குண்டு கனவிலும் செய்யாது. 1814-இல் ஷ்ராப்னலுக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்ட் ஓய்வூதியம் கிடைத்தது. அவர் செலவழித்ததற்கு அது ஈடாகவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

சரி, நடைமுறையில்? நெப்போலியன் பீரங்கியின் ஷ்ராப்னலுக்குள் 78 ரவை. அமெரிக்கக் கையேடு சொல்வது: இலக்குக்கு 50 முதல் 75 கஜம் முன்னால், 15 முதல் 20 அடி உயரத்தில் வெடிக்க வேண்டும். பின்னால் போய் வெடித்தால் ஒரு ரவைகூட ஆள் மேல் படாது, எல்லாம் முன்னோக்கிப் போய்விடும். ரொம்ப முன்னால் வெடித்தால் ரவைகள் பரந்து, வேகம் இழந்து, கோட்டில் பட்டுக் கீழே விழும்.

இப்போது திரியைப் பார்ப்போம். பெல்ஜிய அதிகாரி போர்மன் வடிவமைத்த உலோகத் திரி அந்தக் காலத்தின் உச்சம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த ஒரு வட்டத் தட்டு. அதற்குள் லாட வடிவில் ஓடும் கால்வாய், அதில் மருந்து. மேலே கால் நொடிக்கு ஒரு கோடு, ஐந்தேகால் நொடி வரை. வேண்டிய கோட்டில் குத்தூசியால் ஒரு துளை போட்டால் தீ அங்கே புகுந்து, கால்வாய் வழியாக எரிந்து, குறித்த நேரத்தில் உள்ளே இறங்கும். நறுக்குவதும் அறுப்பதும் இல்லை. கேட்கவே சுகமாக இருக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தேகால் நொடியில் குண்டு ஏறக்குறைய 1,200 மீட்டர் போகிறது. பாதையின் கடைசியில் அதன் வேகம் நொடிக்கு 200 மீட்டர் என்று வைத்தால், திரியின் ஒரு கோடு, அதாவது கால் நொடி, 50 மீட்டருக்குச் சமம். கையேடு அனுமதிக்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு கோடு பிசகினால் போச்சு. தூரத்தைக் கண்ணளவில் கணித்தது 50 மீட்டர் தப்பினாலும் போச்சு. மருந்து கொஞ்சம் ஈரம் கண்டிருந்தாலும் போச்சு. புகைக்கு நடுவே, பதற்றத்தில், குத்தூசியோடு நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனின் கை நடுங்கினால் அதுவும் போச்சு. பெட்டி மூடியின் உட்பக்கம் தூரம், கோணம், நொடி எல்லாம் அச்சடித்த அட்டவணை ஒட்டியிருக்கும். அட்டவணை சரிதான். அதைப் படிப்பவனுக்கு எதிரி எவ்வளவு தள்ளி இருக்கிறான் என்பதை யார் சொல்வது?

தென்மாநிலப் படை போர்மன் திரியைத் தானே செய்து பார்த்து, மூடல் சரியில்லாமல் பல முன்கூட்டியே வெடித்ததால், கைவிட்டு மரத்தக்கையும் காகிதத் திரியுமாகப் பழைய வழிக்கே போனது. காகிதத் திரிக்கு நிறம்தான் அடையாளம்: ஓர் அங்குலம் எரிய கருப்புக்கு 2 நொடி, சிவப்புக்கு 3, பச்சைக்கு 4, மஞ்சளுக்கு 5. அதாவது ஒவ்வொரு பட்டறையும் ஒரே வேகத்தில் எரியும் மருந்தைச் செய்தால். 1863 மார்ச்சில் தென்மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருந்த தயாரிப்புக்கூடம் வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். அதன்பின் வேறு ஊர்ப் பட்டறைகளிலிருந்தும் திரிகள் வந்தன. அவை மெதுவாக எரிகின்றன என்பது கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சண்டையின் மூன்றாம் நாள், ஜூலை 3, தென்மாநிலப் படையின் 150-க்கும் மேற்பட்ட பீரங்கிகள் சுட்ட ஷெல்களில் நிறைய எதிரி வரிசையைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தன. புகையில் அதை யாரும் பார்க்கவில்லை. பிறகுதான் காலாட்படை அந்த வெளியைக் கடக்கக் கிளம்பியது. திரி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், குறிவைத்த கோணமும் உயரம்தான். ஆனால் திரி உதவி செய்யவில்லை.

டப்பா

இதற்கு அதிக வார்த்தை வேண்டாம். தகர டப்பா, உள்ளே 27 இரும்புக் குண்டு, இடையில் மரத்தூள். பீரங்கி வாயை விட்டதும் டப்பா கிழிந்து, ஒரு ராட்சதத் துப்பாக்கியாக மாறும். 300 மீட்டருக்குள் இதற்கு இணை எதுவும் இல்லை, அதற்கு அப்பால் வீண். எதிரி இன்னும் நெருங்கினால் இரண்டு டப்பாவை ஒன்றாகப் போடுவார்கள். திரி இல்லை, கணிப்பு இல்லை. டப்பாவை எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்றால் கேப்டன் யோசித்து முடிவெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள்.

கடலில் கதை வேறு

நிலத்தில் ஷெல் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்க, கடலில் அது ஒரு தலைமுறைக்கு முன்பே ராஜாவாகத் தொடங்கிவிட்டது. காரணம் எளிது: மரக்கப்பல் ஷெல்லைப் பிடித்துக்கொள்ளும். நாலு நொடியில் வெடித்தால் என்ன, ஆறு நொடியில் வெடித்தால் என்ன? ஷெல் பலகைக்குள் செருகிக்கொண்டு நிற்கிறது, எங்கும் ஓடப்போவதில்லை. திரியின் கெட்ட குணம் அங்கே மன்னிக்கப்படுகிறது. கியோங்ஜுவில் ஜப்பானியர் வேடிக்கை பார்த்து நின்றார்களே, அதே கணக்கு.

மரக்கப்பலைக் கெட்டிக்குண்டு துளைத்தால் ஓக் மரத்தின் நார் ஓரளவு தானே மூடிக்கொள்ளும். தச்சன் கட்டையை அடித்து அடைத்துவிடுவான். மணிக்கணக்கில் அடிபட்டும் மிதந்த கப்பல்கள் உண்டு. ஷெல் பலகைக்குள் வெடித்தால் அடைக்க முடியாத ஓட்டை, கூடவே தீ. பிரெஞ்சு அதிகாரி ஆன்ரி பெக்சான், மார்ட்டரிலிருந்து மேலே வீசாமல், கப்பல் பக்கவாட்டுப் பீரங்கியிலிருந்தே நேராக ஷெல் சுடும் பீரங்கியை வடிவமைத்தார். 1824-இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் பசிஃபிகாதர் என்ற பழைய கப்பலின் மேல் சோதித்தார்கள். சில ஷெல்களே அதைக் கந்தலாக்கின. பெயரின் பொருள் 'சமாதானப்படுத்துபவர்' என்பது தனிக் கிண்டல்.

எதிர்வாதமும் வலுவானதுதான். மருந்து அடைத்த ஷெல்லை நம் மரக்கப்பலிலும்தானே அடுக்க வேண்டும்? 1799-இல் பாலஸ்தீனத்தின் ஏக்கர் நகரக் கடற்கரைக்கு அருகே தீசியஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலின் மேல்தளத்தில் வைத்திருந்த ஷெல்கள் தாமாக வெடித்து, கேப்டன் மில்லர் உட்படப் பலர் இறந்தார்கள். மேலும் உள்ளே குடைந்த ஷெல் எடை குறைவு, கெட்டிக்குண்டு அளவுக்குத் தூரமோ குறியோ கிடையாது. இதனால்தான் ஷெல் பீரங்கிகளை ஏற்றுக்கொண்ட பிறகும் கப்பற்படைகள் கெட்டிக்குண்டு பீரங்கிகளைக் கழற்றிவிடவில்லை.

1853 நவம்பர் 30-இல் கருங்கடலின் சினோப் துறைமுகத்தில் ரஷ்யத் தளபதி நகிமோவின் கப்பல்கள் துருக்கியப் பிரிவு ஒன்றை எரித்து முடித்தன. ஏறக்குறைய 3,000 துருக்கியர் இறந்தார்கள், ரஷ்யத் தரப்பில் நாற்பதுக்கும் குறைவு. தாயிஃப் என்ற நீராவிக் கப்பல் மட்டும் தப்பியது. ஷெல்லின் மகிமை என்று ஐரோப்பா அலறியது. என்னைக் கேட்டால், ஆறு பெரும் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்ட சிறிய கப்பல்களை மணிக்கணக்கில் அடித்தால் கெட்டிக்குண்டும் அதைத்தான் செய்திருக்கும். ஷெல் செய்தது எரித்தது. ஆனால் பயம் நிஜம், அதன் விளைவும் நிஜம். 1855 அக்டோபர் 17-இல் கின்பர்ன் கோட்டையை அடிக்கப் பிரான்ஸ் அனுப்பிய மூன்று மிதவைகள் இரும்புத் தகடு போர்த்தியிருந்தன. மேலே பட்ட குண்டுகள் பள்ளம் போட்டதோடு தெறித்தன. 1859-இல் குளுவார், 1860-இல் வாரியர் என இரும்புக் கவசக் கப்பல்கள் கடலில் இறங்கின.

வேடிக்கை இனிமேல்தான். இரும்புத் தகட்டின் மேல் அந்தக் கால ஷெல் உடைந்து சிதறும், வேறு ஒன்றும் செய்யாது. 1862 மார்ச் 8-இல் தென்மாநிலக் கவசக் கப்பல் வர்ஜீனியா இரண்டு மரக்கப்பல்களைத் தொலைத்துக்கட்டியது. மறுநாள் எதிரே வந்ததோ மானிட்டர், இரும்புக் கப்பல். மரக்கப்பல்களை அடிக்கக் கிளம்பிய வர்ஜீனியாவிடம் இருந்தது பெரும்பாலும் ஷெல். மணிக்கணக்கில் தட்டியும் பலனில்லை. கவசத்தைப் பெற்றெடுத்தது ஷெல், அந்தக் கவசத்தை உடைக்கத் திரும்ப அழைக்கப்பட்டது கெட்டிக்குண்டு.

கோட்டைக்கு எது?

மார்ட்டர் ஷெல் சுவரைத் தாண்டி உள்ளே விழும் என்பதால் முற்றுகைக்கு அதுதான் சரி என்று தோன்றும். ஊரை எரிக்கலாம், உண்மை. ஆனால் ஊர் எரிந்ததும் கோட்டை விழுந்ததும் ஒன்றல்ல. 1672-இல் மூன்ஸ்டர் பிஷப் வான் காலன் டச்சு நகரமான குரோனிங்கனை ஷெல்லால் பொழிந்து தள்ளினார். ஜனங்கள் அவருக்குக் 'குண்டு பெரெண்ட்' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். நகரம் விழவில்லை. அவர் மூட்டை கட்டிய ஆகஸ்ட் 28 அந்த ஊரில் இன்றும் திருவிழா. சுவரில் வாசல் திறக்க வேண்டுமென்றால் 24 பவுண்ட் கெட்டிக்குண்டால் சுவரின் அடிப்பாகத்தில் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் வழி.

1862 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஜார்ஜியாவின் புலாஸ்கி கோட்டை இந்த விவாதத்துக்குப் புது விடை கொடுத்தது. தாக்கிய பொறியாளர் கில்மோரிடம் மார்ட்டர்களும் இருந்தன, குழலுக்குள் புரி வெட்டிய புது வகைப் பீரங்கிகளும் இருந்தன. அவர் அறிக்கையின்படி மார்ட்டர் ஷெல்களில் பத்தில் ஒரு பங்குகூடக் கோட்டைக்குள் விழவில்லை. புரி பீரங்கிகளோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து செங்கல் சுவரில் ஓட்டை போட்டன. ஓட்டை வழியே உள்ளே போன ஷெல்கள் மருந்துக் கிடங்கைத் தொடும் நிலை வந்ததும் கோட்டை சரணடைந்தது, முப்பது மணி நேரத்தில். பெயர் ஷெல்தான், ஆனால் உருண்டை அல்ல. முன்கூர்மையான உருளை.

அப்போ பெட்டியில்?

விதிப்புத்தகத்தின் 12-12-4-4 கணக்கு, அனுபவமுள்ள கேப்டனையும் நல்ல திரியையும் தெளிவான வானத்தையும் மனத்தில் வைத்து எழுதியது. மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் நானும் அதில் கைவைக்கமாட்டேன். மேட்டில் பீரங்கியை நிறுத்தி, கீழே வெட்டவெளியில் எதிரி வர, தூரத்தை முன்பே சுட்டு அளந்து வைத்திருந்தால் ஷ்ராப்னலை மிஞ்ச ஒன்றும் இல்லை. அப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம்.

வர்ஜீனியா மாநிலக் காடுகளில், நூறு இருநூறு மீட்டரில் எதிரி திடீரென முளைக்கும் இடத்தில், என் பெட்டி இப்படி இருக்கும்: 12 கெட்டிக்குண்டு அப்படியே. டப்பா 4-லிருந்து 10. ஷ்ராப்னல் 12-லிருந்து 6. ஷெல் 4 போதும், பண்ணை வீட்டிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்களுக்கு. பழகாத பையன்கள் கையில் குத்தூசி இருக்கும் பிரிவு என்றால் ஷ்ராப்னலை இன்னும் குறைத்துக் கெட்டிக்குண்டைக் கூட்டுவேன். அலுப்பூட்டும் ஆள்தான், ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவான்.

திரியின் பிரச்சினை தீர்ந்தது திரியால் அல்ல, உருண்டையைக் கைவிட்டதால். உருண்டை எந்தப் பக்கம் தரையில் படும் என்று சொல்ல முடியாது, அதனால் மோதினால் வெடிக்கும் திரியை எந்தப் பக்கம் வைப்பது? புரி குழலிலிருந்து சுழன்று கிளம்பும் நீண்ட ஷெல்லுக்கு எப்போதும் மூக்குதான் முன்னால். மூக்கில் மோதல் திரியை வைத்துவிட்டால் நொடிக்கணக்கே வேண்டாம். 1880-களில் மெலினைட் மாதிரி நொறுக்கும் வெடிமருந்துகள் வந்து கருமருந்தின் மந்தத்தையும் போக்கின. 1897-இல் பிரான்ஸ் கொண்டுவந்த 75 மில்லிமீட்டர் பீரங்கிக்குக் கெட்டிக்குண்டும் இல்லை, டப்பாவும் இல்லை. ஷ்ராப்னலும் வெடிமருந்து ஷெல்லும் மட்டும். ஷ்ராப்னலின் திரியில் துளை போட அதன் மருந்து வண்டியில் ஒரு தனி எந்திரம் இருந்தது. தூரத்தைத் திருகி வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் இரண்டு ஷெல்லுக்கு ஒரே நேரத்தில் குத்தும்.